வாகனத்துக்கும் ஒரு துறை: திருகோணமலைக் கடைவீதியின் கதை

நூற்றாண்டு மலருக்கு நமது நகரைப் பற்றி ஒரு வரலாற்றுக் கட்டுரை வேண்டும் என்று மலர்க் குழுவினர் கேட்டபோது, கோணேசர் கோயிலைப் பற்றியோ கோட்டையைப் பற்றியோ நாம் எழுதுவோம் என்றுதான் எதிர்பார்த்திருப்பார்கள். அவை பற்றி அறிஞர் பலர் எழுதியிருக்கிறார்கள்; இன்னும் எழுதுவார்கள். நாம் எழுத எடுத்துக்கொண்டது, பள்ளி விட்டதும் ரிபன் வாங்கவும் கொப்பி வாங்கவும் நாமெல்லோரும் நடந்து திரிந்த கடைவீதியை. பிரதான வீதி, மத்திய வீதி, வடகரை வீதி, இவற்றை இணைக்கும் குறுக்குத்தெருக்கள், மணிக்கூட்டுக் கோபுரம், பஸ் நிலையம், சந்தை. இவ்வளவுதான் அதன் எல்லை.

இந்த விடயத்தை எடுக்கக் காரணம் உண்டு. ரொறன்ரோவிலும் லண்டனிலும் மெல்பேணிலும் இருந்து விடுமுறைக்கு வரும் தோழியர் எல்லோரும் ஒரே வாக்கியத்தைத்தான் சொல்கிறார்கள்: “ஊர் நல்லா வந்திட்டுது, ஆனா றோட்டில நடக்கேலாது.” இரண்டு பாதியும் உண்மை. முதற்பாதி எப்படி இரண்டாம் பாதியைக் கொண்டுவந்தது என்பதே இக்கட்டுரை.

நிலம் ஒடுங்கிய ஊர்

திருகோணமலையின் படத்தை ஒருமுறை மனதில் விரியுங்கள். பூகோள பாடத்தில் எத்தனையோ தரம் வரைந்த படம்தான். மேற்கே உட்துறைமுகம். கிழக்கே திறந்த கடல். அந்தக் கடலுக்குள் நீண்டு நிற்கும் பாறை முனையில் கோணேசர் கோயில். முனையின் கழுத்தில் கோட்டை. வடக்கே பின்விரிகுடா, தெற்கே ஒல்லாந்தர் விரிகுடா. இரண்டு நீர்ப்பரப்புக்கும் இடையில் கிடைத்த ஒடுங்கிய தரையில்தான் பழைய நகர் அமைந்திருக்கிறது. உட்துறைமுகக் கரையிலிருந்து கடற்கரைக்கு நடக்கப் பாடசாலைச் சிறுமிக்கும் அரை மணி நேரம் தேவைப்படாது.

அந்தத் தரையிலும் ஒரு பங்கு வெளியாகவே விடப்பட்டது. 1620களில் போர்த்துக்கேயர் கோயிலை இடித்து அதன் கற்களால் கோட்டை கட்டினார்கள். 1639 இல் அது ஒல்லாந்தர் கைக்குப் போனது. பின்னர் பிரெஞ்சுக்காரரும் வந்து போனார்கள். 1795 இல் ஆங்கிலேயர் பிடித்தார்கள். 1803 இல் அதற்கு பிரெட்ரிக் கோட்டை என்று பெயர் வைத்தார்கள். எவர் கையில் இருந்தாலும் கோட்டைக்கு ஒரு விதி உண்டு. மதிலுக்கு முன்னே பீரங்கியின் பார்வையை மறைக்கும் வீடோ மரமோ இருக்கக் கூடாது. அப்படி வெறுமையாக விடப்பட்ட நிலமே நமது முற்றவெளி. விளையாட்டுப் போட்டியில் நாம் ஓடிய நிலம், காளி கோயில் திருவிழாவில் கச்சான் கொறித்த நிலம், பீரங்கிக்காக ஒதுக்கப்பட்டது என்று அப்போது நமக்கு யாரும் சொல்லவில்லை.

இதனால் ஊர் கோட்டையிலிருந்து சற்று விலகி, வெளிக்கு வடக்கிலும் மேற்கிலும் நெருங்கி வளர்ந்தது. தெருக்கள் கால்நடைக்கும் மாட்டுவண்டிக்கும் அளந்து விடப்பட்டவை. கடைக்கு முன்பக்கம் வியாபாரம், பின்பக்கம் அல்லது மேல்மாடியில் குடியிருப்பு. கடை வாசலில் இருந்து எதிர்க்கடைக்காரரோடு கதைக்கலாம். குரலை உயர்த்த வேண்டியதில்லை.

1946 இல் திருகோணமலை மாவட்டத்தின் சனத்தொகை சுமார் 76 ஆயிரம். 1981 இல் அது சுமார் 2 இலட்சத்து 56 ஆயிரம். 2012 இல் சுமார் 3 இலட்சத்து 80 ஆயிரம். மாவட்டம் முழுவதும் துணிக்கும் நகைக்கும் மருந்துக்கும் பத்திரப் பதிவுக்கும் வந்து சேர்வது இந்தக் கழுத்துப் பகுதிக்குத்தான். சனம் ஐந்து மடங்காயிற்று, கழுத்து அகலவில்லை. இருபுறமும் கடல் இருக்கும்போது எப்படி அகலும்?

தோணியில் வந்த வாடிக்கையாளர்

ஆனால் சனத்தொகை மட்டும் நெரிசலைக் கொண்டுவரவில்லை. முன்னாளிலும் இந்தக் கடைவீதி நிறைந்துதான் இருந்தது. எதில் வந்தார்கள், வந்ததை எங்கே விட்டார்கள் என்பதில்தான் வித்தியாசம்.

நமது மாவட்டத்தின் ஊர்ப் பெயர்களைச் சொல்லிப் பாருங்கள்: கொட்டியாரம், மூதூர், கிண்ணியா, இலங்கைத்துறை முகத்துவாரம். எல்லாம் நீரைப் பார்த்தபடி நிற்கும் ஊர்கள். தெற்கே வெருகல், ஈச்சிலம்பற்று, இலங்கைத்துறைப் பக்கத்திலிருந்து நகருக்கு வருவதென்றால் முதலில் மூதூர் வந்து சேர வேண்டும். அங்கிருந்து லோஞ்சில் கொட்டியாரக் குடாவைக் கடக்க வேண்டும். தரைவழியே வந்தால் ஆற்றுக்கு ஆறு ‘பாதை’ ஏற வேண்டும். வெளியூர் வாசகியருக்காகச் சொல்கிறோம்: கிழக்கில் ‘பாதை’ என்றால் வழியல்ல, ஆளையும் வண்டியையும் ஏற்றி இக்கரை அக்கரை இழுபடும் மிதவை. “பாதை அக்கரையில நிக்குது” என்றால் ஒரு மணி நேரம் போயிற்று என்று பொருள்.

எங்கள் வகுப்பில் அந்தப் பக்கத்திலிருந்து வந்து உறவினர் வீடுகளில் தங்கிப் படித்த தோழியர் இருந்தனர். தவணை விடுமுறை முடிந்து லோஞ்சில் வந்து இறங்கும்போது ஒரு கையில் புத்தகப் பெட்டியும் மறுகையில் அம்மா கொடுத்த தயிர் முட்டியும் இருக்கும். அவர்களுடைய தந்தையரும் மாமாமாரும் இறங்குதுறையிலிருந்து நடந்து கடைவீதிக்கு வருவார்கள். வேண்டியதை வாங்கித் தோளிலும் தலையிலும் சுமந்து, அடுத்த லோஞ்சுக்கு நடந்து போவார்கள். தோணி துறையில் கட்டிக் கிடக்கும். கடைவீதிக்குள் தோணியைக் கொண்டுவருவதைப் பற்றி எவரும் யோசித்ததில்லை.

1927 இல் புகையிரதப் பாதை வந்தது. அதில் வந்தவர்களும் நிலையத்தில் இறங்கி நடந்தார்கள், அல்லது மாட்டுவண்டி பிடித்தார்கள். 1942 பெப்ரவரியில் சிங்கப்பூர் வீழ்ந்தபின் பிரித்தானியக் கடற்படைக்குத் திருகோணமலை முக்கிய தளமாயிற்று. கடற்படை லொறிகள் நமது தெருக்களில் ஓடின. அந்த ஆண்டு ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் குண்டு வீசின. யுத்தம் முடிந்தது, 1957 இல் கடற்படைத் தளம் இலங்கையிடம் கையளிக்கப்பட்டது, லொறிகளும் குறைந்தன. 1958 ஜனவரி முதலாம் திகதி பஸ் சேவை தேசியமயமாகி, சிவப்பு நிற இ.போ.ச. பஸ்கள் வந்தன. பஸ்ஸும் ஒரு தோணிதான். ஐம்பது பேரை ஓரிடத்தில் இறக்கிவிட்டுத் தன் துறைக்குப் போய்விடும். நம் தாய்மார் காலத்துக் கடைவீதியில் சொந்தக் கார் வைத்திருந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். மற்றோருக்குச் சைக்கிள்.

வெறுமையான வீதி

எங்கள் வகுப்பு பாடசாலைக்குப் போன காலம் வேறு. 1980களின் நடுப்பகுதியில் பாலர் வகுப்பில் சேர்ந்து 1990களின் பிற்பகுதியில் உயர்தரம் எழுதியவர்கள் நாங்கள். எங்கள் நினைவில் கடைவீதி என்றால் மணல் மூட்டை, தார்ப்பீப்பா, முட்கம்பி, சோதனைச் சாவடி. சைக்கிளை விட்டு இறங்கி உருட்டிக்கொண்டு நடக்க வேண்டிய இடங்கள் இருந்தன. புத்தகப் பையைத் திறந்து காட்ட வேண்டிய இடங்கள் இருந்தன. ஹர்த்தால் என்றால் கதவுப் பலகைகள் எல்லாம் சாத்தியிருக்கும். தெருவில் மான்கள் மட்டும் நடக்கும். கோட்டைக்குள்ளிருந்து வரும் புள்ளிமான்களுக்கு ஊரடங்கு கிடையாது என்று நாங்கள் சிரிப்பதுண்டு.

அக்காலத்தில் வாகனம் நிறுத்துவது என்பதற்கே வேறு பொருள். ஆளில்லாமல் ஓரிடத்தில் நிற்கும் வாகனத்தை, ஏன், கடைச் சுவரில் சாத்திவிட்ட சைக்கிளைக்கூட, எல்லோரும் அச்சத்தோடு பார்த்தார்கள். “இது ஆற்றை?” என்று ஒருவர் கேட்டு இன்னொருவர் பதில் சொல்லாவிட்டால், தெருவே விலகிப் போகும். 2006 ஏப்ரல் 12 அன்று, புத்தாண்டுச் சாமான் வாங்கச் சனம் கூடியிருந்த சந்தையில் குண்டு வெடித்தது. தொடர்ந்த வன்செயலில் கடைகள் எரிந்தன. அன்று மாண்டவர்களில் மூவினத்தவரும் இருந்தனர். எங்களில் சிலர் அப்போது இளம் வைத்தியர்கள். அந்த நாட்களைப் பற்றி இங்கே மேலும் எழுதப்போவதில்லை.

ஆனால் ஒன்றைச் சொல்லாமல் இந்த வரலாறு முழுமையாகாது. வெறுமையான வீதியைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். அதனால் இன்றைய நெரிசலைப் பார்த்து “சீ, என்ன ஊர்” என்று எங்களால் எளிதில் சொல்ல முடிவதில்லை. மத்திய வீதியில் நான்கு ஓட்டோக்கள் ஒன்றையொன்று முந்த முடியாமல் ஹோர்ன் அடிக்கும்போது, எங்களுக்குள் ஒரு பகுதி மகிழ்கிறது. சனம் பயமில்லாமல் வெளியே வந்திருக்கிறது.

பாலங்கள் திறந்த பின்

2009 மே மாதம் போர் முடிந்தது. அதே ஆண்டு ஒக்டோபரில் கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டது. 396 மீற்றர். திறக்கப்பட்டபோது இலங்கையின் மிக நீளமான பாலம் அதுவே. அடுத்த சில ஆண்டுகளில் மட்டக்களப்பு வீதியில் உப்பாறு, கங்கை, இறால்குழி, வெருகல் என்று பாலங்கள் வந்து ‘பாதை’ இழுபட்ட காலத்தை முடித்துவைத்தன. லோஞ்சில் நனைந்து வந்த தோழியின் ஊரிலிருந்து இன்று மோட்டார் சைக்கிளில் நேரே வந்து பிரதான வீதியில் இறங்கலாம். பிரசவ வலியோடு ஒரு பெண் ஆற்றங்கரையில் மிதவைக்குக் காத்துக்கிடந்த காலத்தைக் கேட்டறிந்த எங்களுக்கு, அந்தப் பாலங்கள் எத்தனை உயிர்களுக்குச் சமம் என்று தெரியும்.

கண்டி வீதியும் அநுராதபுர வீதியும் அகலமாகிச் செப்பனிடப்பட்டன. தெற்கிலிருந்து கோணேசர் கோயிலுக்கும் நிலாவெளிக்கும் உப்புவெளிக்கும் பெரிய பஸ்களில் யாத்திரிகர் வரத் தொடங்கினர். கிழக்கு மாகாணம் தனி மாகாணமானபின் தலைமை அலுவலகங்கள் பல இங்கேயே அமைந்தன. அலுவலகத்தோடு அலுவலக வாகனங்களும். குத்தகை முறையில் முச்சக்கர வண்டியும் மோட்டார் சைக்கிளும் சாதாரண குடும்பங்களுக்கும் எட்டின. நாடு முழுவதிலும் பதிவான வாகனங்கள் 2010 இல் சுமார் 40 இலட்சம். 2020 இல் 80 இலட்சத்தைத் தாண்டிவிட்டன. அதில் பாதிக்கு மேல் மோட்டார் சைக்கிள்கள். 10 இலட்சத்துக்கு மேல் முச்சக்கர வண்டிகள்.

இப்போது விடயம் தெளிவாகிறது. பாலங்கள் தோணிக்காரரைத் தோணியோடு கடைவீதிக்குள் கொண்டுவந்தன. வந்தவரில் தவறில்லை. அவரது வாகனத்தைக் கட்டிவைக்க ஒரு துறை அமைக்க நாம்தான் மறந்துவிட்டோம். நகரசபை, வீதி அபிவிருத்தி அதிகார சபை, பொலிஸார் என்று பொறுப்பைப் பலர் தலையில் பகிரலாம். ஆனால் நகரவாசிகளாகிய நாமும் அதைக் கேட்கவில்லை. பாலம் வேண்டும், காபெட் வீதி வேண்டும் என்று கேட்டோம். தரிப்பிடம் வேண்டும், நடைபாதை வேண்டும் என்று கேட்கவில்லை.

ஏழு மீற்றர்க் கணக்கு

இரண்டாம் வகுப்புக் கணக்கு ஒன்று போட்டுப் பார்ப்போம். ஒரு கடைத்தெருவின் அகலம் 7 மீற்றர் என்று வையுங்கள். ஒரு கார் நிற்க 2 மீற்றர் அகலம் வேண்டும். இரண்டு பக்கமும் கார் நின்றால் மிச்சம் 3 மீற்றர். அதில் எதிரெதிரே இரண்டு வாகனம் போக முடியாது. அம்புலன்ஸின் அகலமும் ஏறத்தாழ 2 மீற்றர்தான்; அது நுழையலாம், ஆனால் முன்னால் ஒரு ஓட்டோ நின்றுவிட்டால் பின்வாங்கவும் இடமில்லை. நடைபாதையில் கடைக்காரரின் சாமான், பக்கத்தில் மோட்டார் சைக்கிள் வரிசை. எனவே தடியூன்றிய மூதாட்டியும், சீருடையில் வரும் சிறுமியும், கைக்குழந்தையோடு மருந்துக்கு வந்த தாயும் எங்கே நடப்பார்கள்? அந்த 3 மீற்றரில், சக்கரங்களுக்கு நடுவில்.

வாகனத் தரிப்பிடம் இலவசம் என்று நாம் நினைக்கிறோம். அதன் விலையை வாகனம் இல்லாதவர் கொடுக்கிறார்.

இதை எங்களுக்கு உறைக்க வைத்த சம்பவம் ஒன்று. 2010களின் நடுவில், சித்திரைப் புத்தாண்டுக்கு முந்திய நாள். எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தியின் தந்தை தையற்காரர். மத்திய வீதிப் பக்கம் ஒரு குறுக்குத்தெருவில் சிறிய கடை. எங்களில் பாதிப் பேருக்குச் சீருடை தைத்தவர் அவர்தான். கீழ்மடிப்பில் இரண்டு அங்குலம் கூடுதலாக விட்டுத் தைப்பார், “பிள்ளை வளரும்” என்று. அன்று பகல் இயந்திரத்தில் இருந்தபடியே வலக்கை சோர்ந்து, வாய் கோணி, சரிந்துவிட்டார். மகன் ஓட்டோவில் ஏற்றினான். தெரு இருபுறமும் அடைத்துக்கொண்டு வாகனங்கள். ஒன்றில் சாரதி இல்லை, உரிமையாளர் கடைக்குள். அறிவித்தும் ஆளைக் காணவில்லை. நடந்தால் பத்து நிமிடத்தில் போய்ச் சேரக்கூடிய தூரத்தில், அந்த ஓட்டோ அரை மணி நேரத்துக்கு மேல் நின்றது. கடைசியில் கடைப் பையன்கள் நால்வர் அவரைக் கதிரையோடு தூக்கிக்கொண்டு சந்தி வரை ஓடி, வேறு வாகனம் பிடித்தார்கள்.

மூளைக்குச் செல்லும் இரத்தம் தடைப்பட்டால் ஒவ்வொரு நிமிடமும் ஏறத்தாழ 19 இலட்சம் நரம்புக் கலங்கள் இறக்கின்றன என்பது மருத்துவக் கணிப்பு. அவர் பிழைத்தார். வலக்கை மீளவில்லை. அந்த அரை மணி நேரம்தான் கையைப் பறித்தது என்று வைத்தியர்களாகிய நாங்கள் சத்தியம் செய்ய மாட்டோம். அப்படிச் சொல்வது விஞ்ஞானமாகாது. பறிக்கவில்லை என்றும் எவராலும் சொல்ல முடியாது.

சொல்ல வேண்டிய இன்னொன்றும் உண்டு. அன்று அந்தத் தெருவில் நின்ற வாகனங்களில் ஒன்று எங்களுடையது. “அஞ்சு நிமிசம்தானே” என்று நிறுத்திவிட்டுப் புத்தாண்டுச் சேலை பார்த்துக்கொண்டிருந்தோம். வழியை அடைத்தது அந்த வாகனமா, அடுத்ததா என்று யாரும் விசாரிக்கவில்லை. தோழி இன்றுவரை ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்டிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும்.

ஒரு தடவை வீதி மீண்டது

2022 இல் வரலாறு நமக்கொரு பாடம் நடத்தியது. நாட்டில் அந்நியச் செலாவணி இல்லை, எரிபொருள் இல்லை. சீனக்குடாவில் பிரித்தானியர் கட்டிய 99 எண்ணெய்த் தாங்கிகள் நிற்கும் மாவட்டத்தில், ஒரு லீற்றர் பெற்றோலுக்காக இரவு பகலாக வரிசையில் நின்றோம். ஜூலையில் கியூ.ஆர். அட்டை முறை வந்தது. அந்த மாதங்களில் பழைய சைக்கிள்கள் கொட்டில்களிலிருந்து வெளியே வந்தன. வைத்தியர்களும் ஆசிரியர்களும் அதிபர்களும் சைக்கிளில் போனார்கள். துன்பமான காலம், மருந்தின்றி நோயாளர் பட்ட பாட்டை நாங்கள் மறக்கமாட்டோம். அந்த நாட்கள் மீண்டும் வேண்டாம்.

ஆனாலும் கண்ணால் கண்டதை மறைக்க முடியாது. ஒரு கார் நிற்கும் இடத்தில் பத்துச் சைக்கிள்கள் நின்றன. கடைவீதியில் இரண்டு பெண்கள் பக்கத்தில் பக்கமாகக் கதைத்துக்கொண்டு நடக்க முடிந்தது. போரினால் ஒருமுறையும் பஞ்சத்தினால் ஒருமுறையும் நமது வீதி காலியானதைக் கண்டோம். நல்ல காலத்திலேயே, நமது சொந்தத் தீர்மானத்தினால், அதைச் சற்று இளக்க முடியாதா என்பதே கேள்வி.

முடியும் என்பதற்கு ஆதாரம் நமது ஊரிலேயே உண்டு. சிவராத்திரியை அடுத்து கோணேசப் பெருமான் நகர்வலம் வரும் நாட்களில் பாருங்கள். எவரும் அபராதச் சீட்டு எழுதுவதில்லை. வாசலில் கோலமும் கும்பமும் வைப்பவர்கள் தாங்களாகவே வாகனங்களை எடுத்து வேறிடத்தில் விடுகிறார்கள். தெய்வம் வருகிறது என்றால் வழி பிறக்கிறது. நோயாளி வருகிறார் என்றாலும் பிறக்க வேண்டும்.

பிற ஊர்கள் செய்தவை

இந்தச் சிக்கல் நமக்கு மட்டும் உரியதல்ல, புதியதுமல்ல. அமெரிக்காவின் ஒக்லஹோமா நகரக் கடைவீதியில் 1935 ஜூலையில் உலகின் முதலாவது தரிப்பிடக் கட்டண மீற்றரை நட்டார்கள். கடையில் வேலை செய்பவர்களின் கார்களே நாள் முழுவதும் கடைக்கு முன் நின்று, வாங்க வந்தவருக்கு இடமில்லாமற் செய்தன என்பதே காரணம். நமது வீதியிலும் காலை 8 மணிக்கு முன்னால் வந்து மாலை வரை நிற்கும் வாகனங்கள் யாருடையவை என்று எண்ணிப் பார்த்தால், கடைக்காரர் பலருக்குச் சங்கடமாக இருக்கும்.

சென்னை தியாகராய நகரில் சேலை வாங்கப் போனவர்கள் பாண்டி பஜாரைக் கண்டிருப்பீர்கள். 2019 இல் அங்கே நடைபாதையை அகலமாக்கி, இருக்கைகள் போட்டு, வாகனங்களுக்கான இடத்தைச் சுருக்கினார்கள். அருகில் பல மாடித் தரிப்பிடமும் கட்டினார்கள்.

ஸ்பெயினின் பொன்தெவேத்ரா நமக்கு இன்னும் நெருக்கமான உதாரணம். கடற்கழிக் கரையில் அமைந்த பழைய நகரம்; 80 ஆயிரத்துக்குச் சற்று மேற்பட்ட மக்கள். 1999 முதல் அங்கே நகர மையத்தை நடப்பவர்களுக்குக் கொடுத்துவிட்டார்கள். நகர ஓரத்தில் இலவசத் தரிப்பிடங்கள் அமைத்தார்கள். அங்கிருந்து எந்த இடத்துக்கு எத்தனை நிமிட நடை என்று ரயில் பாதைப் படம் போல ஒரு வரைபடம் அச்சிட்டுக் கொடுத்தார்கள். அம்புலன்ஸும் சரக்கு வண்டியும் உரிய நேரத்தில் உள்ளே வரும்; மற்றோர் நடந்து வருவர். கொட்டியாரத்திலிருந்து தோணியில் வந்த நமது பாட்டனார்கள் செய்ததும் இதுதானே? துறையில் கட்டிவிட்டு நடந்தார்கள்.

நாம் செய்யக்கூடியவை

நகரத் திட்டமிடல் எங்கள் துறையல்ல. ஆனாலும் ஊரில் இருந்து பார்த்தவர்கள் என்ற அளவில் சில சொல்லலாம். கண்டி வீதியால் வருவோருக்கும் நிலாவெளிப் பக்கமிருந்து வருவோருக்கும் கடைவீதிக்கு வெளியே ஒவ்வொரு தரிப்பிடம் வேண்டும். கடைகளுக்குச் சரக்கு இறக்கும் லொறிகள் காலை 7 மணிக்கு முன் வேலையை முடிக்கலாம். கடைவீதியில் வாகனம் நிறுத்தும் நேரத்துக்கு எல்லை வைத்து, சிறு கட்டணம் அறவிடலாம். அங்கவீனர் வாகனங்களுக்கு விலக்குக் கொடுக்கலாம். ஓட்டோச் சாரதிகளுக்கு நிரந்தரத் தரிப்பிடம் குறித்துக் கொடுக்க வேண்டும். அது அவர்களுடைய பிழைப்பு. முற்றவெளியைக் கார் தரிப்பிடமாக்கினால் எல்லாம் தீரும் என்று சிலர் சொல்கிறார்கள். திருவிழா நாளுக்கு அது சரி. நிரந்தரமாக வேண்டாம். பீரங்கிக்காக ஒதுக்கிய நிலம் எப்படியோ பிள்ளைகளின் கைக்கு வந்து சேர்ந்தது. அதைத் திரும்ப எடுக்கக் கூடாது.

ஆனால் ஊருக்கு உபதேசம் செய்யும் முன் நமது வாசலைப் பார்க்க வேண்டும். பிற்பகல் ஒன்றரை மணிக்குப் பாடசாலை வாசலில் நின்று பாருங்கள். வான், கார், ஓட்டோ, மோட்டார் சைக்கிள். பழைய மாணவிகளாகிய நாமே தாய்மாராகி, நமது பிள்ளை நான்கு அடி கூட நடந்துவிடக் கூடாது என்று வாசற்படியை முட்டிக்கொண்டு நிற்கிறோம். அதனால் நடந்து போகும் பிள்ளை, அதாவது அம்மாவிடம் வாகனம் இல்லாத பிள்ளை, நடுவீதிக்குத் தள்ளப்படுகிறாள். நாம் அந்தப் பிள்ளையாக இருந்தவர்கள். எங்கள் வகுப்பில் நடந்து வராதவர் மிகச் சிலரே.

எனவே நூற்றாண்டு ஆண்டில் எமது சங்கத்துக்கு ஒரு சிறு வேலையை முன்மொழிகிறோம். கட்டடம் தேவையில்லை; பெரிய பணமும் தேவையில்லை. பாடசாலையிலிருந்து ஐந்து நிமிட நடைத் தூரத்தில் வாகனம் நிறுத்த ஓரிடத்தைப் பொலிஸாரோடு பேசிக் குறித்துக்கொள்வோம். அங்கிருந்து வாசல் வரை, நாளுக்கு நான்கு பழைய மாணவிகள் முறை வைத்து நின்று, பிள்ளைகளை வரிசையாக நடத்தி வருவோம். பொன்தெவேத்ராவில் போட்டது போல, பாடசாலையிலிருந்து சந்தைக்கும் பஸ் நிலையத்துக்கும் காளி கோயிலுக்கும் கடற்கரைக்கும் எத்தனை நிமிட நடை என்று ஒரு வரைபடத்தைச் சிறுமிகளைக் கொண்டே வரையச் செய்வோம். அவர்கள் அளந்து பார்க்கட்டும். ஊர் எவ்வளவு சிறியது என்று அவர்களுக்கும் தெரியட்டும், நமக்கும் நினைவு வரட்டும்.

வெளிநாடுகளிலிருந்து விழாவுக்கு வரும் தோழியருக்கு ஒரு வேண்டுகோள். விமான நிலையத்தில் அமர்த்திய வானைக் கடைவீதிக்குள் கொண்டுவராதீர்கள். உட்துறைமுகப் பக்கம் எங்காவது நிறுத்திவிட்டு இறங்குங்கள். நாங்களும் வருகிறோம், சேர்ந்து நடப்போம். போகும் வழியில் அந்தக் குறுக்குத்தெருவில் ஒரு தையற்கடை இருக்கிறது. இப்போது மகன் தைக்கிறான். பெரியவர் வாசற் கதிரையில் இருப்பார். இடக்கையால் கும்பிடுவார். யார் யார் எந்த ஆண்டு, யாருக்கு எத்தனை தரம் மடிப்பு அவிழ்த்து நீளமாக்கினார் என்பதெல்லாம் அவருக்கு இன்னும் நினைவிருக்கிறது.